ஏழாம் அத்தியாயம்: பலர் காக்கும் கணக்கு

கிரிப்டோ நாணயம் என்று இக்காலத்தில் வழங்கும் விஷயத்தை, அதன் விலையைப் பற்றிய பரபரப்பை ஒதுக்கிவைத்து, அதற்கு ஆதாரமாக நிற்கும் கணக்குமுறையை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊர்ப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களையும், வீட்டில் பிள்ளைகளின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும் பெற்றோர்களையும், தாத்தா பாட்டிகளையும் மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது.

சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மாமா விடுமுறையில் வந்தபோது சொன்ன பிட்காயின் என்ற பெயர் பிள்ளையின் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். அது என்னவென்று கேட்டால், 'அது ஒருவகை ஆன்லைன் பணம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இவ்விடை பிழையன்று, ஆயினும் பிரயோசனமற்றது. வங்கியிலிருந்து செல்போன் வழியாக அனுப்பும் ரூபாயும் கண்ணுக்குத் தெரியாததுதானே? பிள்ளை உண்மையில் அறிய வேண்டியது, இன்னாரிடம் இவ்வளவு இருக்கிறது என்று எழுதிவைக்கும் கணக்கு யார் கையில் இருக்கிறது, அதைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு, திருத்தினால் பிறர் அறிவார்களா என்ற மூன்றுமே. ஆகையால் பணத்தைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்காதீர்கள். கணக்கைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குங்கள்.

ஒருவர் கையில் இருக்கும் கணக்கு

முதல் வகுப்பில் பிள்ளைகளை, அவரவர் வீட்டில் எந்தெந்தக் கணக்கு வெளியார் கையில் இருக்கிறது என்று எழுதிவரச் சொல்லுங்கள். வங்கிப் பாஸ்புத்தகம், கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பயிர்க்கடன், நகைக்கடைச் சீட்டு, ரேஷன் கார்டு, பட்டா, சிட்டா, அடங்கல் என்று பட்டியல் நீளும். ஊர்ப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, 1980-ஆம் ஆண்டு கர்ணம் என்னும் ஊர்க்கணக்கர் பதவி ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் வரும் வரையில், ஊரின் நிலக்கணக்கு முழுவதும் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் எவ்வாறு இருந்தது என்பதைச் சொல்லச் செய்தால் இன்னும் நன்று. கணக்கு எழுதுபவர் நாணயமானவராக இருக்கும் வரையில் ஒரே கையில் கணக்கு இருப்பதைப் போல வசதியானது வேறில்லை. பிழை நேர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்லித் திருத்திக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார். அவர் தவறினாலோ, அந்த ஒரே புத்தகம் வெள்ளத்திலோ தீயிலோ போய்விட்டாலோ, ஊருக்கு வேறு பிரமாணம் இல்லை. வசதியும் ஆபத்தும் ஒரே இடத்தில் குடியிருப்பதைப் பிள்ளைகள் உணர்ந்துவிட்டால் முதல் பாடம் முடிந்தது.

ஊரார் அறிய எழுதிய கணக்கு

இரண்டாம் வகுப்பைத் தஞ்சைப் பெரிய கோயிலில் நடத்துங்கள். 1010-ஆம் ஆண்டு நிறைவேறிய அக்கோயிலுக்குத் தானும், தன் தமக்கை குந்தவையும், தேவியரும், மற்றவரும் கொடுத்த கொடைகள் யாவற்றையும் கல்லிலே வெட்டும்படி முதலாம் இராசராசன் ஆணையிட்டான். விமானத்தின் அடிப்பகுதியிலும் திருச்சுற்று மாளிகையிலும் வரி வரியாக ஓடும் அந்த எழுத்துகளில் பொன் எத்தனை கழஞ்சு என்பதோடு, அது ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது என்பதும், மணிகளின் எடை கோத்த சரடு நீக்கிக் கணக்கிடப்பட்டது என்பதும் குறிக்கப்பட்டிருக்கின்றன. கோயிற்பணத்தைக் காவிரிக்கரை ஊர்ச் சபைகள் வட்டிக்குப் பெற்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி என்பதும் அவ்வாறே கல்லில் நிற்கிறது. கடன் வாங்கியவரும் அறிவர், கொடுத்தவரும் அறிவர், வழிபட வந்தவரும் அறிவர். சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் 'பன்மாகேசுவரர் இரட்சை' என்ற தொடர் வரக் காணலாம். அந்த அறத்தின் காவல் ஒருவரிடம் மட்டுமன்றிச் சிவனடியார் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்டது என்பது அதன் கருத்து.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியைப் பற்றியும் சொல்லுங்கள். அங்கே விமானத்தைப் பிரித்துப் புதிதாய்க் கட்ட நேர்ந்தபோது, பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்துக்கொண்டு, இராசேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் வெட்டினார்கள். படி ஒன்று வேறிடத்தில் இருந்ததனால் அல்லவா மூலம் இடிந்தும் கணக்கு அழியவில்லை?

ஆயினும் இவ்வொப்புமையின் எல்லையையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்லில் எழுதியது ஊரறிந்த கணக்கேயன்றி ஊரார் எழுதிய கணக்கன்று. எழுதும்படி ஆணையிட அரசன் ஒருவன் இருந்தான். ஆணையிட ஒருவருமின்றி, முகமறியாத பலர் கூடி, ஒரே கணக்கைப் பிழையின்றி எழுதிக் காக்க முடியுமா என்பதே நம் காலத்தின் புதுக் கேள்வி. அதற்குரிய விடையைப் பிள்ளைகள் தம் கையாலேயே செய்து பார்க்கட்டும்.

பத்து ஆறுகளின் ஆட்டம்

தேவையானவை பத்துப் பிள்ளைகள், ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு, பேனா, ஒரு ஜோடித் தாயக்கட்டை. காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, வடவாறு, பாமணியாறு, கோரையாறு, வீரசோழன், திருமலைராஜன் என்று ஆளுக்கோர் ஆற்றின் பெயரைச் சூட்டுங்கள். நோட்டில் இந்தப் பெயரன்றிச் சொந்தப் பெயர் வரக்கூடாது. ஒவ்வோர் ஆற்றுக்கும் தொடக்க இருப்பாக 20 மரக்கால் என்று பத்துப் பேரும் தத்தம் நோட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஆட்டத்தில் நெல்லும் இல்லை, மரக்காலும் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பிட்காயினிலும் நாணயம் என்று தனியே ஒரு பொருள் எங்கும் கிடையாது; கணக்கில் உள்ள எழுத்தே நாணயம்.

யார் யாருக்குக் கொடுத்தாலும் அதை உரக்கச் சொல்ல வேண்டும். பத்துப் பேரும் எழுத வேண்டும். கொடுப்பவர் கணக்கில் அவ்வளவு இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தம் நோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அவ்வரியை எழுத மறுக்கலாம். நான்கு மரக்கால் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒருவன் அதே நான்கை இருவருக்கும் கொடுப்பதாகச் சொல்லிப் பார்க்கட்டும். முதலில் எழுதப்பட்டது நிற்கும், இரண்டாவது தள்ளப்படும். ஒரே பணத்தை இருமுறை செலவழிக்கும் மோசடியைத் தடுக்க இதுவரை வங்கி வேண்டியிருந்தது. இங்கே பத்து நோட்டுகள் அவ்வேலையைச் செய்கின்றன.

முத்திரை எண்

ஐந்து வரி நிறைந்ததும் பக்கத்தை மூட வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு வரியிலும் உள்ள அளவை அந்த வரியின் எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். முந்தைய பக்கத்தின் முத்திரை எண்ணை ஏழால் பெருக்கி அதனோடு சேருங்கள். வரும் தொகையின் கடைசி இரண்டு இலக்கங்களே இப்பக்கத்தின் முத்திரை. முதற்பக்கத்துக்கு முன் பக்கம் இல்லையாதலால் 17 என்று ஓர் எண்ணை அனைவரும் ஒப்புக்கொண்டு தொடங்கலாம்.

முதற்பக்கத்தில், காவிரி வெண்ணாற்றுக்கு 5, வெண்ணாறு குடமுருட்டிக்கு 3, குடமுருட்டி அரசலாற்றுக்கு 4, அரசலாறு காவிரிக்கு 2, காவிரி வெட்டாற்றுக்கு 6 என்று ஐந்து வரிகள் இருப்பதாகக் கொள்வோம். பெருக்கிக் கூட்டினால் 5, 6, 12, 8, 30 சேர்ந்து 61, 17-ஐ ஏழால் பெருக்க 119, மொத்தம் 180, முத்திரை 80. இரண்டாம் பக்கத்தின் வரிகள் கூடி 42 வந்தால், 80-ஐ ஏழால் பெருக்கிய 560-ஐச் சேர்க்க 602. அதன் முத்திரை 02.

இப்போது காவிரியாக இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, ஐந்தாம் வரியில் 6-ஐ 1 ஆகத் திருத்தச் சொல்லுங்கள். கூட்டல் 36 ஆகிறது, மொத்தம் 155, முத்திரை 80 இருந்த இடத்தில் 55 வந்து நிற்கிறது. அதோடு போகவில்லை, இரண்டாம் பக்கத்தின் தொகை 427 ஆகி, அதன் முத்திரையும் 27 ஆகிவிடுகிறது. ஒரு பக்கத்தில் செய்த பொய் அடுத்தடுத்த பக்கங்கள் எல்லாவற்றிலும் வெளிப்பட்டே தீர்கிறது. மற்ற ஒன்பது நோட்டுகளும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. பக்கத்துக்குப் பிளாக் என்றும், பக்கங்கள் முத்திரையால் கோக்கப்பட்ட தொடருக்குப் பிளாக்செயின் என்றும் பெயர் என்பதை இந்த இடத்தில் சொன்னால் போதும். முன்கூட்டிச் சொன்னால் பெயர்தான் மனத்தில் தங்கும், பொருள் தங்காது.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி, இரண்டாம் வரியில் 3-ஐ 1 ஆக்கி நான்காம் வரியில் 2-ஐ 3 ஆக்கினால் முத்திரை மாறவில்லையே என்று கண்டுபிடித்து வரக்கூடும். அவளைப் பாராட்டுங்கள். நம் முத்திரை விளையாட்டு முத்திரை. அதில் ஓட்டை உண்டு. பிட்காயின் பயன்படுத்தும் எஸ்எச்ஏ-256 என்னும் ஹாஷ் கணக்கு, எத்தனை பெரிய செய்தியைக் கொடுத்தாலும் 64 குறிகள் கொண்ட ஒரே நீளமான விடையைத் தருவது. செய்தியில் ஒரு புள்ளி மாறினாலும் விடை அடியோடு மாறுவது. ஒரே விடை தரும் இரண்டு செய்திகளை இதுவரை ஒருவரும் காட்டியதில்லை.

தாயம் போட்டவர் பக்கத்தை மூடுவார்

பக்கத்தை மூடும் உரிமை யாருக்கு? ஆளுக்கொரு வாக்கு என்று வைத்தால், முகமறியாத வலைப்பின்னலில் ஒருவனே நூறு பெயர்களில் வந்து நூறு வாக்குப் போட்டுவிடுவான். ஆகையால் உழைப்பைக் காட்டியவருக்கே உரிமை என்று விதி செய்தார்கள். நம் ஆட்டத்தில் தாயக்கட்டையைச் சுற்றுக்கு ஒருமுறை வரிசையாக உருட்டி, முதலில் தாயம் போடுபவர் பக்கத்தை மூடட்டும். மற்றவர்கள் கணக்கைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ளட்டும். பக்கங்கள் மிக விரைவாக மூடப்பட்டால், தாயத்துக்குப் பதில் பன்னிரண்டு விழ வேண்டும் என்று கடினமாக்குங்கள். தாயம் எட்டு உருட்டலுக்கு ஒருமுறை விழக்கூடியது, பன்னிரண்டோ பதினாறுக்கு ஒருமுறை. பிட்காயினிலும், ஏறத்தாழப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக் என்ற கிரமம் தவறாதபடி, 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதிரின் கடினம் மாற்றியமைக்கப்படுகிறது. அங்கே உருட்டப்படுவது தாயக்கட்டையன்று. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த ஹாஷ் விடை வரும் வரையில் கணினிகள் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கின்றன. இதைத்தான் மைனிங் என்கிறார்கள்.

மூடியவருக்குக் கூலி வேண்டுமல்லவா? முதல் நான்கு பக்கங்களுக்குப் பக்கம் ஒன்றுக்கு 8 புது மரக்கால், அடுத்த நான்குக்கு 4, பிறகு 2, பிறகு 1, அதன்பின் இல்லை என்று வையுங்கள். கூட்டிப் பார்த்தால் புதிதாய்ப் பிறப்பது 60. தொடக்கத்து 200-உம் சேர்ந்து 260-க்கு மேல் இந்த ஆட்டத்தில் ஒருநாளும் இராது. 2009 ஜனவரி 3-ஆம் தேதி தொடங்கிய பிட்காயினில் பிளாக் ஒன்றுக்கு 50 நாணயம் கூலியாக இருந்தது. 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது.

இந்த உழைப்புக்கு விலை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. பிட்காயின் மைனிங் விழுங்கும் மின்சாரம் ஒரு நாட்டின் மின்செலவோடு ஒப்பிடப்படும் அளவினது. 2015-இல் தொடங்கிய எத்தீரியம் என்னும் வலைப்பின்னல், 2022 செப்டம்பரில் இம்முறையைக் கைவிட்டு, பிணையாக நாணயம் வைத்தவர்களே பிளாக்கை மூடும் முறைக்கு மாறித் தன் மின்செலவை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் குறைத்துக்கொண்டது.

கடைசியாக ஒரு சோதனை. பத்துப் பேரில் ஏழு பேரைத் தனியே அழைத்து, ஒரே பொய்யைத் தங்கள் நோட்டுகளில் எழுதச் சொல்லுங்கள். மூவர் உண்மை எழுதியும் பொய்யே நிலைபெறுவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். உண்மையான வலைப்பின்னலில் தலை எண்ணிக்கைக்குப் பதில் கணினி வலிமையே அளவை. அதில் பாதிக்கு மேல் ஒரே அணியிடம் சேர்ந்தால் அண்மைக் கணக்கை அவர்கள் புரட்ட முடியும். பலர் காப்பது என்பதன் பலம், அந்தப் பலரும் ஒருவருக்கொருவர் கட்டுப்படாதவராக இருப்பதிலேதான் இருக்கிறது.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

'காவிரி கொடுத்தது என்று வேறொருவன் சொன்னால் என்ன சார் செய்வது?' வகுப்பில் முகம் தெரியும், வலைப்பின்னலில் தெரியாது. அதனால் ஒவ்வொருவரிடமும் பிரைவேட் கீ என்னும் ரகசிய எண் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஊரறியும் எண் ஒன்று பிறக்கிறது. ரகசிய எண்ணால் போட்ட கையொப்பத்தை ஊரறியும் எண்ணைக் கொண்டு சோதிக்கலாம். ஆனால் ஊரறியும் எண்ணிலிருந்து ரகசியத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க இயலாது. முன்னே போவது எளிது, திரும்பி வருவது அரிது என்னும் இவ்வகைக் கணக்கின் சுபாவத்தைக் காட்ட, 53-ஐ 67-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்தில் 3,551 என்பார்கள். மற்றொரு வகுப்பில் 3,551-ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்களின் பெருக்கம் இது என்று கேளுங்கள், பாடவேளை முடிந்துவிடும். இராமானுஜன் படித்த கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலின் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

'டீச்சர், செல்போன் தொலைந்தால் காசும் போய்விடுமா?' காசு கணக்கில் இருக்கிறது, தொலைந்தது கீ. அதை மீட்கும் 12 அல்லது 24 சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரமாக வைத்தவர் தப்பிப்பார். வைக்காதவருக்கு, போய் முறையிட மேலாளர் இல்லை. தவறான முகவரிக்கு அனுப்பியதையும் திருப்பித் தர ஆள் இல்லை. மையமில்லாமையின் மறுபக்கம் இதுதான்.

'எல்லாரும் கணக்கைப் பார்த்தால் ரகசியம் ஏது?' நோட்டில் ஆற்றின் பெயர் மட்டுமே உண்டு. ஆனால் வெண்ணாறு யாரென்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை முதல்நாள் முதல் செய்த கொடுக்கல் வாங்கல் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

'இதை யார் சார் கண்டுபிடித்தார்கள்?' சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அப்பெயருக்கு உரியவர் ஒருவரா, பலரா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் அமைப்பு அவரின்றியே நடக்கிறது.

'எழுத்துக்கு எப்படி விலை வரும்?' வாங்குவோர் மதித்தால் விலை, மதிக்காவிட்டால் இல்லை. 2010 மே 22-ஆம் தேதி அமெரிக்காவில் ஒருவர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். அந்த எழுத்தின் பின்னே நெல்லும் இல்லை, நிலமும் இல்லை, அரசின் உறுதிமொழியும் இல்லை. ஆதலால் விலை ஏறுவதும் சரிவதும் மிகக் கடுமையாக இருக்கும்.

பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

கிரிப்டோ நாணயம் இந்தியாவில் செலாவணிப் பணம் அன்று. 2018 ஏப்ரலில் இத்தொழிலுக்கு வங்கிகள் சேவை செய்யக்கூடாதென ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்தின்மீது நூற்றுக்கு 30 வரியும், அவ்வாண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 1 பிடித்தமும் விதிக்கப்படுகின்றன. 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு அறிமுகமான டிஜிட்டல் ரூபாய், ரிசர்வ் வங்கியே வெளியிட்டுக் கணக்கு வைப்பது. அதை இதனோடு குழப்பக்கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆகவே இப்பாடத்துக்காகப் பிள்ளையின் பெயரிலோ உங்கள் பெயரிலோ ஒரு ரூபாய்க்குக்கூட நாணயம் வாங்க வேண்டாம். தாயக்கட்டையும் நோட்டும் கற்பிப்பதற்கு மேல் அது ஒன்றும் கற்பிக்காது.

சம்பா அறுவடை முடிந்து, நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில் ஏறும் தை, மாசி மாதங்களில், பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் செல்போனில் வரும் செய்திகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கிரிப்டோ என்ற பெயர் இருப்பதனாலேயே அங்கே பலர் காக்கும் கணக்கு இருப்பதாக ஆகிவிடாது; பெரும்பாலும் அது ஒரே ஆள் தன் திரையில் எழுதிக்காட்டும் எண்தான். ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும்.

இன்னொரு தெளிவும் வேண்டும். நாணயத்துக்கு அப்பாலும் இக்கணக்குமுறைக்குப் பயன் உண்டு. தமிழ்நாடு அரசு 2020-இல் பிளாக்செயினுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால், எழுதியதை மாற்ற முடியாது என்பது வேறு. எழுதியது உண்மை என்பது வேறு. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தின் எடையை யாரேனும் தராசிலேயே தவறாகப் பார்த்து எழுதிவிட்டால், மாற்ற முடியாத கணக்கு அந்தத் தவற்றையே காலமெல்லாம் பத்திரமாகக் காக்கும். தராசைப் பார்க்கும் கண்ணுக்கு மாற்றாக எந்தக் கணினியும் வந்துவிடவில்லை.

பயிற்சி

1. உன் வீட்டுக் கணக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடு. அது யார் கையில் இருக்கிறது? படி எத்தனை இடத்தில் இருக்கிறது?

2. முதற்பக்கத்தின் மூன்றாம் வரியில் 4-ஐ 9 ஆக மாற்றி, இரண்டு பக்கங்களின் முத்திரைகளையும் புதிதாய்க் கண்டுபிடி.

3. முத்திரை மாறாமல் ஒரு பொய்யை நுழைத்துப் பார். பிறகு, அது நுழைய முடியாதபடி முத்திரைக் கணக்கை நீயே திருத்தி அமை.

4. உன் ஊரில் எந்தக் கணக்கு பலர் கையில் இருந்தால் நன்மை, எது ஒருவர் கையிலேயே இருந்தால் நன்மை? காரணத்தோடு எழுது.

நான்காம் வினாவுக்குப் பிள்ளைகள் எழுதும் விடைகளில் ஒன்றுக்கொன்று மாறுபாடு இருக்கும், இருக்கட்டும். வாய்க்கால் முறைத்தண்ணீர்க் கணக்கு எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையும், ஆஸ்பத்திரிக் குறிப்பு டாக்டர் கையில் மட்டும் இருந்தால் போதும் என்று மற்றொரு பிள்ளையும் காரணம் காட்டி வாதிப்பார்களாயின், உங்கள் பாடம் பலித்துவிட்டதாகக் கொள்ளலாம். புதிய நாணயங்கள் தோன்றும், பழையவை மறையும். எந்தக் கணக்கைக் கண்டாலும் அதை யார் எழுதுகிறார், யார் சரிபார்க்கிறார் என்று கேட்கப் பழகிய பிள்ளையை எந்தக் காலத்திலும் எளிதில் ஏமாற்ற முடியாது.